ரங்கூன் வட்டிக்கடைகளும் பொருளாதாரச் சமூகவியலும்: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி, பர்மாவின் மோல்மேனிலிருந்து. 2023 ஜூன் 4

தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் படிக்கிறேன். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் எழுந்ததற்கு அவர்களுக்குள் இருந்த நம்பிக்கை காரணம் என்றும், வீழ்ந்ததற்கு 1930-களின் மந்தமும் போரும் அரசியலும் காரணம் என்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். முதலாவதைப் பண்பாடு என்றும் இரண்டாவதைப் பொருளியல் என்றும் வைத்துக்கொண்டால் கதை முடிந்துவிடுகிறதே. நிறுவனங்களையும் பொருளாதார வாழ்வையும் ஆராய்வதற்குச் சமூகவியல் என்று தனியாக ஒன்று எதற்கு?

2023 ஜூன் 5

கதை முடியவில்லை, தம்பி. "நம்பிக்கை இருந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறவர்கள், விளக்க வேண்டியதையே விளக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சாதியிலும் ஏமாற்றுகிறவன் உண்டு. கடல் கடந்த ஊரில் முதலாளியின் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவன் ஏன் ஏமாற்றாமல் இருந்தான் என்பதுதான் கேள்வி.

ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், முகல் தெருவிலிருந்த கிட்டங்கியை, செட்டியார்களின் தொழிற்கூடத்தை, எண்ணிப் பாருங்கள். இன்று அந்தத் தெருவுக்கு ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை முகல் தெரு என்றே சொன்னார்கள். நீண்ட கூடம் ஒன்றில் பல விலாசங்களின் (வட்டித் தொழில் நிறுவனங்களின்) ஏஜெண்டுகள் தரையில் விரிப்பும் கணக்குப் பெட்டியுமாக வரிசையாக அமர்ந்து தொழில் நடத்தினார்கள். ஒருவரிடம் யார் கடன் கேட்டு வந்தார், யாரை அவர் திருப்பி அனுப்பினார் என்பது பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரியாமல் போகாது. ஏஜெண்டு பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்கு வருவார். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பார்கள். கணக்கு முடிந்ததும் அடுத்தவரிடம் பெட்டியை ஒப்படைத்து ஊர் திரும்பி, முதலாளிக்கு முன்னால் கணக்கைக் காட்டி, இலாபத்தில் தமக்குரிய பங்கைப் பெறுவார். பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாகி (ஏஜெண்டின் உதவியாளாகி), பின்பு ஏஜெண்டாகி, ஒருநாள் தானே முதல் போடலாம் என்ற ஏணியும் இருந்தது. ஏமாற்றினால் வேலை மட்டும் போகாது. ஒன்பது கோயில்களைச் சுற்றி அமைந்த அந்தச் சிறிய உலகத்தில் பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் இல்லாமல் போவார்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நம்பிக்கை என்பது மனத்தில் இருந்த குணம் என்பதைவிட, இருக்கையும் தவணையும் திருமணமும் சேர்ந்து உண்டாக்கிய விளைவு என்று தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1985-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதம் ஏறத்தாழ இதுதான். மனிதனைத் தனித்து நின்று இலாபம் கணக்கிடும் அணுவாகப் பார்ப்பதும் பிழை. பண்பாடு ஊட்டியதை அப்படியே ஒப்பிக்கும் பொம்மையாகப் பார்ப்பதும் பிழை. பொருளாதாரச் செயல் என்பது நடப்பிலுள்ள, பெயர் சொல்லக்கூடிய உறவுகளுக்குள் பதிந்திருக்கிறது. உங்கள் கேள்வியில் "பண்பாடு" ஒரு பக்கமும் "பொருளியல்" மறுபக்கமுமாக நிற்கின்றன. நடுவில் அந்தக் கூடம் இருப்பது கண்ணில் படவில்லை.

2023 ஜூன் 5, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. "குடும்பம் என்பதால் நம்பினார்கள்" என்றும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இருந்தாலும் மணமான மகன் தனிப் புள்ளி (தனிக் குடும்பம்), தனிச் சமையல், தனிக் கணக்கு. தகப்பன் மகனுக்குக் கொடுத்த பணத்துக்கும் வட்டி எழுதப்பட்டது. செட்டியார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் கொண்டுவந்த சீதனப் பணம் அவர்கள் பெயரிலேயே விலாசத்தில் வட்டிக்குக் கிடந்தது. கோயிலுக்கான மகமைக்கும் (கொடைக்கும்) பேரேட்டில் தனிப் பக்கம் இருந்தது. வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் பிரிவதை நவீன முதலாளியத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் கருதினார். செட்டியார் பேரேட்டை அவர் முன்னால் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அங்கே வீடும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னியே கிடந்தன, ஆனால் கணக்கில் ஒரு காசுகூடக் கலக்கவில்லை. கணக்கெழுதியே பிழைத்த எனக்கு இதில் வியப்பில்லை: உறவுக்காரர்களுக்கு இடையேதான் எழுத்து மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

2023 ஜூன் 9

இப்போது கடினமான பக்கத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியது கூடத்துக்கு உள்ளே நடந்தது. கூடத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் சமூகவியலின் தேவையை நான் அளப்பேன்.

1852-இல் கீழ்ப்பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் இரண்டு தலைமுறைக்குள் உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நிலமாயிற்று. காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை உண்ண உழவனுக்குப் பணம் வேண்டும். மேல்நாட்டு வங்கிகள் உழவனை எட்டிப்பார்க்கவில்லை. அவை செட்டியாருக்குக் கொடுத்தன, செட்டியார் உழவனுக்கும் உள்ளூர் வட்டிக்காரருக்கும் கொடுத்தார். 1929-30-இல் கூடிய மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் விலாசங்கள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் அளவுக்கு இருந்ததாகவும் மதிப்பிட்டது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் வேறு வகையான உறவு. செட்டியாருக்கும் செட்டியாருக்கும் இடையே, மாதந்தோறும் ரங்கூன் கோயிலில் கூடி முடிவு செய்த நடப்பு வட்டி. பல வேளைகளில் அடமானமே கிடையாது. வங்கிக்கும் செட்டியாருக்கும் இடையே கையொப்பமும் அறிமுகமும். செட்டியாருக்கும் பர்மிய உழவனுக்கும் இடையே என்ன இருந்தது? நிலப் பத்திரம் மட்டும் இருந்தது. உழவன் செட்டியார் மகளைக் கட்டப்போவதில்லை. செட்டியார் உழவனின் மடாலயத்துக்குச் சோறு கொண்டுபோகப் போவதில்லை. மூன்றாண்டில் ஏஜெண்டு மாறிவிடுவார். உள்ளே ஏமாற்றைத் தடுத்த அதே மூன்றாண்டுத் தவணை, வெளியே கடன் வாங்கியவனை எப்போதும் புதியவன் ஒருவனுக்கு முன்னால் நிறுத்தியது.

ஜே. எஸ். பர்னிவால் பர்மாவில் அரசுப் பணியில் இருந்து, இங்கேயே வாழ்ந்து பார்த்து எழுதியவர். பல இனத்தார் அருகருகே வாழ்ந்தும் கடைத்தெருவில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் சமூகத்தைப் பன்மைச் சமூகம் என்றார் அவர். சொந்தச் சமூகத்தில் ஒருவன் மற்றவனை ஓரளவுக்கு மேல் கசக்கினால் ஊர் வாய் திறக்கும். கடைத்தெருவில் மட்டும் சந்திப்பவர்களுக்கிடையே அப்படி வாய் திறக்க ஒரு பொது ஊர் இல்லை. ஆகவே விலை ஒன்றே பேசும். கிரானொவெட்டரின் கட்டுரையையும் பர்னிவாலையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் ரங்கூன் விளங்கும் என்பது என் துணிபு. ஒருவர் உறவு பதிந்திருக்கும் இடத்தைக் காட்டுகிறார்; மற்றவர் அது முடிந்துபோகும் இடத்தைக் காட்டுகிறார்.

1930-இல் நெல் விலை விழுந்து, விரைவிலேயே பழைய விலையில் பாதியளவுக்கு இறங்கியது. விலை வீழ்ச்சி பொருளியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீழ்ச்சி நிலம் கைமாறுவதாக வடிவெடுத்ததற்கு, கடைசிக் கண்ணியில் பத்திரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாதது காரணம். முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1937-38-இல் 25 விழுக்காடு. உள்ளே அதே காலத்தில் ஒருவருக்கொருவர் தவணை நீட்டிக்கொண்டார்கள், கடனை மாற்றி எழுதிக்கொண்டார்கள். வெளியே அதற்கு வழி தெரியவில்லை. தெரிந்த சில இடங்களிலும் சென்னை வரையும் காரைக்குடி வரையும் இழுத்த கடன் சங்கிலி விடவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இரண்டு காரணங்களைத் தேடாதீர்கள். ஒரே அமைப்புதான் இரண்டையும் செய்தது.

2023 ஜூன் 11

எதிர்பார்த்த மறுமொழி வந்துவிட்டது: "செட்டியார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்." இல்லை. உள்ளூர் வட்டிக்காரர்கள் பலர் அவர்களைவிடக் கூடுதல் வட்டி வாங்கினார்கள். நிலம் அவர்கள் விரும்பிய பொருளே அன்று. பணம் சுழல வேண்டும், நிலம் அசையாது. விலை விழுந்த காலத்தில் வேண்டாத நிலத்தைச் சுமந்து, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி ஓடி, 1948-இன் நில தேசியமயச் சட்டத்தோடு அதையும் இழந்தார்கள். என் முன்னோர் வட்டிக்கடைக்காரர் அல்லர், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்கள்; எனக்கு இதில் காக்க வேண்டிய மானமும் இல்லை, தீர்க்க வேண்டிய வஞ்சமும் இல்லை. யார் நல்லவர் என்று கேட்பதை நிறுத்தினால்தான் சமூகவியல் தொடங்கும். அதே சமயம், பர்மிய நண்பர்களோடு பேசும்போது இந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

2023 ஜூன் 16

மூட்டை தூக்கியவர்களைப் பற்றி எழுதியதும், அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி நினைவுக்கு வந்தார். நிறுவனம் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று 1937-இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் கேட்டார். எல்லாவற்றையும் சந்தையில் ஒப்பந்தம் போட்டே செய்துகொள்ளலாமே, ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து ஏவுவானேன்? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு செலவு உண்டு என்பது அவர் பதில். நல்ல பதில்தான். ஆனால் ரங்கூன் துறைமுகத்தில் நின்று பார்த்தால் சந்தையும் நிறுவனமும் மட்டும் தெரிவதில்லை. கப்பல் நிறுவனம் ஒப்பந்தக்காரரிடம் பேசும். அவர் பெரிய மேஸ்திரியிடம். பெரிய மேஸ்திரி சின்ன மேஸ்திரியிடம். சின்ன மேஸ்திரி தம் ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவருவார். கூலி மேலிருந்து கீழே வரும். வழியில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வார்கள். ஆளை ஏவும் அதிகாரம் நிறுவனத்திடம் இல்லை, கடன் கொடுத்த ஊர்க்காரரிடம் இருந்தது. நிறுவனத்துக்கு ஆளின் பெயரே தெரியாது.

எங்கள் வீட்டில் மேஸ்திரியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். கூலியைத் தின்றவர் என்று தாத்தா சொல்வார். கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு முதல் வேளைச் சோறு போட்டவர், சாவு விழுந்தால் பிணத்தை எடுத்தவர் என்று பாட்டி சொல்வார். எது சரி என்று சிறுவயதில் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டும் ஒரே உறவின் இரண்டு பக்கங்கள் என்று இப்போது தோன்றுகிறது. சோறு போட்டதால்தான் கூலியைத் தின்ன முடிந்தது.

1930 மே மாதத்தில் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பர்மியரைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். உடன்பாடு ஏற்பட்டுப் பழையவர்கள் திரும்பியதும் பர்மியரை அனுப்பிவிட்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். இனப் பகை என்று ஒரு சொல்லில் இதை முடிப்பவர்கள், ஆள் எடுக்கும் முறையே இனவாரியாகப் பிரிந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். வேலை வாய்ப்பு என்பது மேஸ்திரியின் ஊர் வரைதான் எட்டும். பர்மிய இளைஞனுக்குத் துறைமுகத்தில் மேஸ்திரி இல்லை. ஜூன் 9 குறிப்பில் கடனுக்குச் சொன்னதை உழைப்புக்கும் சொல்லலாம்.

2023 ஜூன் 17

பழங்கதையாகவே போகிறது, இன்றைய நிறுவனத்தைப் பற்றி எழுதுங்கள் என்று ஒருவர் கேட்கிறார். சரி.

2012-இல் புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்த பிறகு யாங்கூனில் பல குடும்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளைத் தேடின. நான் கணக்கராக இருந்த இறக்குமதி நிறுவனமும் தேடியது. கூட்டாளி நிறுவன அமைப்பு வரைபடம் கேட்டார். ஒரு வார இறுதியில் வரைபடம் உருவாயிற்று: நிதிப் பிரிவு, மனிதவளப் பிரிவு, உள்தணிக்கைப் பிரிவு. மனிதவளப் பிரிவு என்பது அதுவரை வருகைப் பதிவேடு எழுதிய பையன். உள்தணிக்கை என்பது நான். எந்தக் கட்டத்திலும் இடம்பெறாதவர் முதலாளியின் தாயார். காலையில் அவர் சாவி கொண்டுவராமல் பணப்பெட்டி திறக்காது. அவர் முகம் சுளித்த ஆளுக்குக் கடனில் சரக்குப் போகாது.

நிறுவனங்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஜான் மேயரும் பிரையன் ரோவனும் 1977-இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நிறுவனங்களின் முறைப்படியான அமைப்பு பல வேளைகளில் வேலையைச் செய்வதற்காக ஏற்பட்டது அன்று. "நாங்கள் முறையான நிறுவனம்" என்று வெளியுலகத்துக்குக் காட்டும் சடங்காக ஏற்பட்டது. உண்மையான வேலை அதற்கு அடியில் தன் போக்கில் நடக்கும் என்பது அவர்கள் வாதம். 1983-இல் பால் டிமாஜியோவும் வால்டர் பவலும் இன்னும் ஒரு படி போனார்கள். நிறுவனங்கள் ஒன்றுபோல் ஆவது திறமைக்காக அன்று. மேலிருந்து வரும் வற்புறுத்தல், குழப்பத்தில் அடுத்தவரைப் பார்த்து எழுதுதல், ஒரே பள்ளியில் படித்த தொழில்வல்லுநர்கள் ஒரே பழக்கத்தைக் கொண்டுபோதல் ஆகிய மூன்றும் அவற்றை ஒரே அச்சில் வார்க்கின்றன. எங்கள் வரைபடத்தில் முதலிரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை, எங்களில் ஒருவரும் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.

2023 ஜூன் 19

சடங்கு என்று சொல்லிக் கைகழுவிவிடவும் முடியாது. அந்த வரைபடத்தோடு ஊழியர் கையேடு ஒன்றும் அச்சானது; அதில் ஆண்டு விடுப்பு பற்றி ஒரு பக்கம். ஒருவரும் படிக்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தோம். கிடங்கில் வேலை செய்த கரேன் இனப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து வந்து முதலாளி மேசையில் வைத்து விடுப்புக் கேட்டாள். கொடுக்க வேண்டியதாயிற்று. தமிழ் ஊழியர்கள் நாங்கள் அதுவரை பெரியம்மாவின், அதாவது முதலாளியின் தாயாரின், மனநிலை பார்த்து, பண்டிகைக்கு முன் பலகாரம் கொடுத்து, விடுப்பு வாங்கிக்கொண்டிருந்தோம். உறவு வழி எங்களுக்குத் திறந்திருந்ததால் எழுத்து வழி எங்களுக்குத் தேவைப்படவில்லை. உறவுக்கு வெளியே நின்றவள்தான் காகிதத்தைக் கருவியாக்கினாள். அலுவலக விதிகளை இரும்புக் கூண்டு என்று பழிப்பவர்கள், அந்தக் கூண்டு யாருக்குக் கூரையாகவும் இருக்கிறது என்று கேட்பதில்லை.

2023 ஜூன் 25

சீட்டைப் பற்றி எழுதாமல் இந்த இழையை எப்படி நடத்துகிறீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமே.

மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962-இல் சீட்டு போன்ற சுழற்சிச் சேமிப்புக் குழுக்களை இடைப்படி ஒன்றாகப் பார்த்தார். உழவுச் சமூகத்திலிருந்து வாணிகச் சமூகத்துக்கு ஏறுகிறவர்கள் கால் வைக்கும் படி, வங்கி வந்ததும் உதிர்ந்துவிடும் என்று. இரண்டாண்டு கழித்து ஷெர்லி ஆர்டனர் பல நாடுகளிலிருந்து சான்றுகளைத் தொகுத்து, அவை அப்படி உதிர்வதாகத் தெரியவில்லை என்றார். யாங்கூனில் வாழ்ந்தவள் என்ற முறையில் ஆர்டனர் பக்கம் நிற்கிறேன். 2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகள் ஆட்டங்கண்டபோது, 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வங்கிகள் பணம் எடுக்க வரம்பு கட்டியபோது, எங்கள் தெருவில் சீட்டுகள் குறையவில்லை, கூடின.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருக் குலுக்கல் சீட்டில் பெயருக்குத்தான் குலுக்கல். முதல் தவணை சீட்டு நடத்தும் அக்காவுக்கு; அடுத்த சில தவணைகள் நெடுநாள் பழகியவர்களுக்கு; புதிதாகக் குடிவந்தவர், வேலை நிலையில்லாதவர், அறிமுகம் மெலிந்தவர் கடைசியில். "முன்னால் எடுத்துவிட்டு ஓடிவிடுவாள்" என்ற அச்சம் இப்படித் தீர்கிறது. முன்னால் எடுப்பவர் மற்றவர்களிடம் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கிறார். ஆகத் தெருவின் ஏழ்மையான, அறிமுகம் குறைந்த பெண்கள் நல்ல நிலையிலிருப்பவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சீட்டைப் பெண்களின் ஒற்றுமை என்று மட்டும் எழுதுபவர்கள் ஒருமுறையாவது வரிசையைப் பார்க்கட்டும். ஏலச்சீட்டில் இந்த அநீதி குறைவு. தள்ளுபடி மூலம் காத்திருப்பவருக்கு ஏதேனும் கிடைக்கும். அதை எங்கள் தெருவில் "வியாபாரம்" என்று ஒதுக்குகிறார்கள், குலுக்கலை "உதவி" என்று கொண்டாடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மையார் இரண்டு சுற்று கடைசியில் எடுத்தார். மூன்றாம் சுற்றில் நடுவே இடம் கேட்டார், கொடுத்தார்கள். அந்த ஓர் இடமாற்றத்துக்குக் கோயில் திருவிழாவில் அவர் செய்த சமையல் எவ்வளவு உதவியது என்று எந்தக் கணக்கேட்டிலும் எழுதியிருக்காது.

2023 ஜூலை 2

"பணம் பணம்தானே, அதில் சமூகவியல் என்ன?" என்று இன்னொருவர். இந்த நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 1964-இல் பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின, 1985-இல் மீண்டும், 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடின்றிச் செல்லாமற்போயின, பிறகு ஒன்பதால் வகுபடும் 45-உம் 90-உம் வந்தன. அம்மா தங்கத்தைத் தவிர எதையும் சேமிப்பென்று எண்ணியதில்லை.

சமூகவியலாளர் விவியானா செலிசர் 1990-களில் காட்டியது, மக்கள் ஒரே நாணயத்தைப் பல பணங்களாகப் பிரித்து வைக்கிறார்கள் என்பதை. வீட்டுச் செலவுப் பணம், பரிசுப் பணம், சாவுச் செலவுக்கென்று ஒதுக்கிய பணம் ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடாகா. அந்த எல்லைகளை உறவுகள் வரைகின்றன. ஆச்சிமார் பணமும் மகமையும் பேரேட்டில் தனித்தனிப் பக்கம் பெற்றது இதற்கு நல்ல சான்று. 2021-இல் கணக்கில் இருக்கும் கியாட்டும் கையில் இருக்கும் கியாட்டும் வேறு வேறு விலைக்குப் போனதையும் இதில் சேர்க்கத் தோன்றியது. கைப்பேசியில் இருந்த தொகையைத் தாளாக்கித் தர முகவர்கள் கழிவு பிடித்தார்களே.

2023 ஜூலை 3

கடைசி எடுத்துக்காட்டை நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. செலிசர் பேசுவது பொருள் பற்றி. 2021-இல் நடந்தது பற்றாக்குறை. தாள் கிடைக்கவில்லை, ஆகவே தாளுக்கு விலை கூடியது. இதற்கு அரிச்சுவடிப் பொருளியல் போதும். சமூகவியல் புகும் இடம் அடுத்த வரியில்: கழிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. தெரிந்தவரிடம் எங்கள் தெரு முகவர் கழிவே வாங்கவில்லை, தெரியாதவரிடம் கொள்ளை. எங்களுக்குக் கொடுத்த சலுகையை யாரிடம் ஈடுசெய்தார் என்று அப்போது நாங்கள் எவரும் கேட்கவில்லை.

2023 ஜூலை 9

இதுவரை எல்லைக்கு வெளியே நின்றவர் இழப்பதையே எழுதினேன். எல்லையின் மேலேயே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1963-64-இல் வங்கிகளும் கடைகளும் தேசியமயமானபின் இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் வேரூன்ற முடியாத சிலர் தரைவழியாகப் பர்மா திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கினார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் எழுந்தன. பர்மிய மொழி தெரியும், இந்தியக் குடியுரிமை உண்டு, மணிப்பூரிக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள பர்மிய ஊரான தாமுவிலிருந்து வருபவருக்கும் இடையே நடுவராக நிற்க முடியும். ஒன்றையொன்று அறியாத இரு வட்டங்களுக்கு நடுவே இருப்பவனுக்கு ஆதாயம் உண்டு என்று சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் 1992-இல் விளக்கினார். மோரேத் தமிழர் அதைக் கடைவைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பர்ட் கதையில் குறைவது ஒன்று. நடுவில் இருப்பவனை இரு பக்கமும் தன்னவன் என்று எண்ணுவதில்லை. கதவு மூடினால் முதலில் நசுங்குவது நடுவில் இருக்கும் விரல்தான். இந்த ஆண்டு மே மாதத்திலிருந்து மணிப்பூரிலிருந்து வரும் செய்தியைப் படிப்பவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எனக்கு உறவினர் இருப்பதால் இதற்கு மேல் எழுத மனமும் இல்லை.

2023 ஜூலை 15

மோல்மேன் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார்: கோட்பாடு போதும், களப்பணிக்கு எதை எடுப்பது? உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நம்பிக்கை இருக்கிறதா என்று கேள்வித்தாள் அச்சடிக்காதீர்கள். இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு சீட்டு நோட்டைக் கேட்டு வாங்கி, யார் எந்தத் தவணையில் எடுத்தார் என்று எழுதுங்கள். பிறகு சீட்டில் சேர விரும்பியும் சேர்க்கப்படாதவர் யார் என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். முதல் கேள்விக்குத் தேநீர் கிடைக்கும். இரண்டாவதற்கு அவர் அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி எழுந்துபோவார். திரும்பி வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

2023 ஜூலை 15, இரவு

நோட்டில் பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தெரு சிறியது.